டாக்டரம்மாவை உதைத்த முழங்கால்

நரம்பு ஓ.பி.யில் நான் ஆயாவாகச் சேர்ந்த முதல் நாள். படித்தது ரெண்டாம் வகுப்பு. ஆனாலும் ரிஃப்ளெக்ஸ் பார்ப்பது எப்படி என்று இன்றைக்கு எந்த நர்ஸுக்கும் சொல்லிக்கொடுப்பேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவரின் முழங்கால்.

கால் மரத்துப்போகிறது என்று வந்திருந்தார். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்காரவைத்தோம். டாக்டரம்மா சக்கர ஸ்டூலில் எதிரே உட்கார்ந்து, ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் தானாக எகிற வேண்டும். எகிறவில்லை. அடுத்த காலும் அப்படியே.

“ரெண்டுலயும் ரிஃப்ளெக்ஸ் வரல. அட்மிஷன் போட்டுப் பாத்தரலாங்க.”

அவர் பதறிவிட்டார். “ஊட்ல சினைமாடு இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குதுங்க அம்மணி. நான் இல்லீன்னா அது யாரையுங் கிட்ட உடாதுங்க.”

டாக்டரம்மா சீட்டு எழுதத் திரும்பினார். விவசாயி என் பக்கம் குனிந்தார். “அக்கா, காலு எந்திரிக்கத்தான் பாக்குதுங்க. எதுக்கால பொம்பளப்புள்ள உக்காந்திருக்குது. மேல பட்டாப் பாவமில்லீங்களா? நாந்தான் இறுக்கிப் புடிச்சிருக்கறனுங்க.”

நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். “ஏனுங் டாக்டரம்மா, இவரு மருவாதைக்குக் காலப் புடிச்சு வெச்சிருக்கறாருங்க!”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அய்யா, தட்டுன சேதி முதுகுத்தண்டுவடத்துக்குப் போகும். அங்கிருந்தே காலுக்கு உத்தரவு வந்துரும். மூளைக்கு அப்புறந்தான் தெரியும். நீங்க மூளையப் போட்டு அமுக்கறீங்க.”

“அப்ப உதைக்கறது நானில்லீங்களா?”

“உங்க தண்டுவடங்க.”

“இருந்தாலும் காலு என்னுதுங்களே!”

மறுபடி தட்டினார். மறுபடி மரக்கட்டை. நான் பேச்சைத் திருப்பினேன்.

“ஏனுங்ணா, மாடு எத்தனாவது ஈத்துங்க?”

“மூணாவதுங்க. போன ஈத்துல கெடேரிக் கன்னு போட்டுது பாருங்க, நெத்தியில வெள்ளைச் சுட்டியோட…”

அந்த நேரம் பார்த்துத் தட்டினார் டாக்டரம்மா. கால் எகிறி ஸ்டூலில் பட்டது. அவர் ஸ்டூலோடு உருண்டு போய், எடை பார்க்கும் மெஷினில் முட்டி நின்றார்.

“அய்யோ சாமி, மன்னிச்சுப்போடுங்க!” என்று இவர் கும்பிட்டார்.

“அருமையா உதைச்சீங்க! அடுத்த காலக் காட்டுங்க!” என்று அவர் அங்கிருந்தே கத்தினார்.

அதுவும் எகிறியது. மருந்து எழுதிக்கொடுத்து, அன்றைக்கே மாட்டிடம் அனுப்பிவைத்தார்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளே, நோயாளியின் நினைப்பு வேறு பக்கம் போனால்தான் முட்டி உள்ளதைச் சொல்லும். மாடு கன்று என்று ஏதாவது கேட்டு வையுங்கள். கேட்பதற்கு முன்னால் ஸ்டூலின் சக்கரத்தைப் பூட்டிவிடுங்கள். அது டாக்டர் வேலை இல்லை, ஆயா வேலை.