பச்சை பூசிய பம்பு

புதுப் பெயிண்டின் வாடை எனக்கு இன்றும் ஆகாது; அது பச்சைப் பெயிண்ட் என்று கண்ணில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் நிற்கவே மாட்டேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில், தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்பு போட்டுவந்த அப்பாவுக்கு மகளாகப் பிறந்தவள் நான். ஐந்தாம் வகுப்பில் நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "டேனரி வந்துடுச்சு" என்பார்கள், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. எங்கள் தெரு அடிபம்பின் தண்ணீரும் அதற்கேற்றாற்போல்தான், குடத்தில் வைத்தால் மஞ்சளாகும், வாயில் வைத்தால் கரிக்கும், பருப்பைப் போட்டால் வேகாது. முகம் சுளித்தால் அப்பா, "தாயப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்காதம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு குடித்துக் காட்டுவார்.

அந்த வருடம் ஊர் ஏரிகளைப் பராமரிக்கும் குழு ஒன்று பள்ளிக்கு வந்து, ஏரி கெட்டால் பம்பும் கெடும் என்று படம் போட்டுக் காட்டியது. தெருவுக்கு ஒரு பிள்ளை தங்கள் பம்பிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும், சோதித்துப் பார்த்து நல்ல தண்ணீர் என்றால் பம்பில் பச்சை பூசுவார்கள், கெட்டது என்றால் சிவப்பு, சிவப்புப் பம்பு உள்ள தெருவுக்கு லாரியில் தண்ணீர் வரும் என்றார்கள். ஒரு தெருவின் தாகத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போன புத்திசாலிகள்!

எனக்கு லாரி என்ற சொல் காதில் விழவே இல்லை. எல்லோர் முன்னாலும் என் பாட்டில் மட்டும் மஞ்சளாக நிற்கப்போவதுதான் இரவெல்லாம் கண்ணில் நின்றது. விடிந்ததும் பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் போனேன். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்த அவள், கைக்குழந்தை ஸ்டெல்லாவுக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி "கேன் தண்ணி" வாங்கி வைத்திருந்தாள்.

"அக்கா, ஸ்கூல்ல குடிக்கக் கொஞ்சம் கேன் தண்ணி தர்றியா?"

"அதுக்கு இன்னாத்துக்குடி இப்படி இழுக்கிற? புடி" என்று பாட்டில் கழுத்துவரை ஊற்றினாள்.

பள்ளியில் அதையே எங்கள் பம்புத் தண்ணீர் என்று நீட்டினேன். மீட்டரை விட்டுப் பார்த்த குழு அண்ணன் ஆச்சரியப்பட்டு, ஏரிக்கரைத் தெருவுக்குக் கைதட்டச் சொன்னார். மூக்கைப் பிடித்த அதே கைகள் தட்டின. அதற்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் மாலை எங்கள் பம்பு பளபளவென்று பச்சையாக நின்றது. லாரி அடுத்த தெருவோடு திரும்பிப்போனது. "கலருதான் அப்படி, தண்ணி நல்ல தண்ணின்னு மிஷினே சொல்லிட்டுது, இனிமே கேன் இன்னாத்துக்கு?" என்று மேரி அக்கா கேனை நிறுத்தினாள். ஸ்டெல்லாவின் பால்புட்டியில் பம்புத் தண்ணீர் போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். வாயைத் திறந்திருந்தால் போதும், ஆனால் திறந்தால் பள்ளியில் மறுபடியும் நான் "டேனரி" ஆகிவிடுவேனே.

இரண்டு வருடத்தில் ஸ்டெல்லாவுக்குத் தோல் வெடித்தது, வயிற்று வலி நிற்கவில்லை, உடம்பு ஊதிப்போயிற்று. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பை தூக்கிக்கொண்டு நானும் போனேன். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"நல்ல தண்ணி சார், டெஸ்ட் பண்ணது. இதோ, இவதான் டெஸ்டுக்கு எட்த்துனு போனா."

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆமா சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அடுத்த மழைக்காலத்துக்கு ஸ்டெல்லா இல்லை. தண்ணீர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. சொல்லவிடாமல் செய்தவள் நான்தான்.

இன்று நானும் ஏரிப் பராமரிப்பு வேலையில்தான் இருக்கிறேன், பள்ளிகளில் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் வேறொரு ஏரிக்கரைப் பள்ளியில் ஒரு சிறுமி தெளிந்த தண்ணீராகக் கொண்டுவந்தாள். ஒரு மடக்கு வாயில் ஊற்றினேன். கேன் தண்ணீரின் ருசி எனக்குத் தெரியாதா? "இது உங்க பம்புத் தண்ணியா, கேன் தண்ணியா?" என்று வகுப்பே கேட்கும்படி கேட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் அழுதாள். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி மஞ்சள் தண்ணீர் பிடித்துவந்தாள், அன்று மாலையே அந்தப் பம்பில் சிவப்பு அடித்தோம். அவள் அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் இப்போது அந்தப் பம்பு இல்லை. ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டபோது அதைப் பிடுங்கிவிட்டுக் குழியின்மேல் கல் பதித்துவிட்டார்கள், கரையோரப் புதர்களும் போய்விட்டன. மேரி அக்கா மட்டும் அதே வீட்டில் இருக்கிறாள். ஏரி வேலையாக அந்தப் பக்கம் போனால் கூப்பிட்டு உட்காரவைத்து, "வெயில்ல வந்துக்கிற, குடி கண்ணு" என்று கேனிலிருந்து ஒரு சொம்பு ஊற்றித் தருவாள். ஒரு சின்னப் பெண்ணை வகுப்பு நடுவில் நிறுத்தி அழவைத்த நான், அதை வாங்கிக் குடித்துவிட்டு, அன்று பள்ளிக்கு நான் கொண்டுபோனது அவளுடைய கேன் தண்ணீர்தான் என்று இன்றும் சொல்லாமல் வருகிறேன்.