கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரோக்கியம்

ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நடந்தே போக முடியுமா என்று ஒரு நண்பர் போன பதிவின் கீழே கேட்டிருந்தார். முடியும். நான் போயிருக்கிறேன், 1984 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆசைப்பட்டெல்லாம் போகவில்லை. என் அக்கா வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போனார்.

மாமா ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். ஜெயங்கொண்டத்தில் ஒரு மைதானத்தில் தினமும் விடியற்காலையில் ஊர்க்காரர்களைக் கையைத் தூக்கு, காலை மடக்கு என்று வாட்டி எடுப்பார். சம்பளம் கிடையாது, விசில் மட்டும் உண்டு. அந்த இடத்தில் கிடங்கு கட்டப்போவதாகப் பேச்சு வந்ததும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. திருச்சியில் ஒரு பெரிய அதிகாரியிடம் மனுவோடு போய் நின்றார். "உடற்பயிற்சியில ஜனங்களுக்கு ஆர்வம் இருக்குன்னு காட்டுங்க. ஏரியைப் பார்க்க கங்கைகொண்ட சோழபுரம் வரேன். அம்பது பேரோட பத்து மணிக்குக் கோயில் வாசலுக்கு நடந்து வாங்க, மைதானத்தை விட்டுடச் சொல்றேன்" என்றாராம் அவர். 'தினமும் நட, திடமாய் இரு' என்ற துணி பேனர் அன்றைக்கே தயாராகிவிட்டது.

நான் அப்போது பெரம்பலூரில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. சனிக்கிழமை மதியம் கிளம்பினேன். அரியலூர் வரை முப்பது கிலோமீட்டர், பஸ்ஸுக்கு இரண்டு ரூபாய். அங்கிருந்து ஜெயங்கொண்டம் முப்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு ரூபாய் நாற்பது காசு. இது போக, இந்த நடைக்கென்றே இருபத்தெட்டு ரூபாய்க்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கியிருந்தேன். அந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் கூட வேண்டும். பேர் கொடுத்தவர்கள் நாற்பத்தொரு பேர். வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் பால் வாங்கப் போனவர், மாமா கண்ணில் பட்டுவிட்டார். மெயின் ரோட்டில் லாரிப் புழுதி அதிகம் என்று முந்திரிக் காடுகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையைப் பிடித்தோம். சுற்றுதான், பன்னிரண்டு கிலோமீட்டர். மூன்றாவது கிலோமீட்டரில் ஜவுளிக்கடைக்காரர் கடைச் சாவியை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பினார். பால்காரரைப் பார்க்க வேண்டும் என்று பால் வாங்க வந்தவரும் திரும்பினார். ஐந்தாவது கிலோமீட்டரில் என் ஷூ கையில் இருந்தது. பேனர் முந்திரிக் கிளையில் மாட்டிக் கிழிந்து, 'தினமும் நட' மட்டும் மிஞ்சியிருந்தது.

ஏழு பத்துக்கு முதல் ஊர். நாங்கள் நுழைந்ததுமே பெண்கள் குடத்தோடு வந்து எங்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

"எந்தக் கோயிலுக்குங்க பாதயாத்திரை?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"கோயிலுக்கு இல்லீங்க, உடம்புக்கு" என்றார் மாமா.

"உடம்புக்கு முடியலையா? அப்ப ஏன் நடக்கிறீங்க, உக்காருங்க."

மாமா ரத்த ஓட்டம், நுரையீரல், நரம்பு என்று பத்து நிமிடம் பேசினார். அத்தனை பேரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு சொம்பு மோர் கொடுத்தார்கள். ஒருத்தரும் கூட வரவில்லை. அவர்கள் ஏன் வர வேண்டும்? முந்திரி விறகுக் கட்டோடு அங்கே நின்ற பவுனம்மா என்ற அம்மாள், நாங்கள் முதல் கொட்டாவி விடும் முன்பே நாலு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். மணி ஏழே முக்கால். கையில் ஒன்பது பேர். மாமாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

பவுனம்மா என்னைத் தனியாக அழைத்தார். "தம்பி, நெசத்தைச் சொல்லு. என்ன வேண்டுதல்?"

ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நுரையீரலைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. "ஒரு இடம் கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னு" என்றேன். பொய் இல்லை, பாருங்கள்.

"நெலத் தகராறா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா? எனக்கும் ஒரு வரப்பு கேசு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இரு, வெறகை எறக்கி வச்சுட்டு வரேன்."

அப்புறம் நான் வாயே திறக்கவில்லை. கிணற்றுப் பங்குக்காரர் ஒருவர், பட்டா மாறாதவர்கள் மூன்று பேர், தம்பியோடு பத்து வருடமாகப் பேசாத அண்ணன் ஒருவர், கொஞ்ச தூரம் தள்ளி அதே தம்பி. செய்தி சைக்கிளில் எங்களுக்கு முன்னால் போய், அடுத்த ஊரில் தேங்காய் பழத்தோடு ஆட்கள் காத்திருந்தார்கள்.

முன்னால் போன மாமா திரும்பி வந்தார். "மாப்ளே, இவங்ககிட்ட என்னத்த சொல்லி வச்சே?"

சொன்னேன். மீசை துடித்தது. "இது ஆரோக்கிய நடை. சாமி நடை இல்ல" என்றார். சொல்லும்போதே அவர் விரல் தலைகளை எண்ணத் தொடங்கியிருந்தது. நாற்பத்தேழு. "சரி, வரிசையா வரச் சொல்லு" என்று விசிலை ஊதினார்.

ஒன்பது ஐம்பதுக்குக் கோயில் வாசலில் அறுபத்து மூன்று பேர் நின்றோம். ஜீப் பத்து இருபதுக்கு வந்தது. அதிகாரிக்கு ஒரே ஆச்சரியம். மாமா நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அதிகாரி நேராகப் பவுனம்மாவிடம் போனார்.

"தினம் இவ்வளவு தூரம் நடப்பீங்களாம்மா?"

"தினந்தாங்க. போவ ஒருக்கா, வர ஒருக்கா."

"உடம்புக்கு நல்லதுன்னா?"

"பஸ்ஸு இல்லீங்க."

அதோடு கூட்டம் பிடித்துக்கொண்டது. பெண் பிள்ளைகளை ஐந்தாவதோடு நிறுத்திவிடுகிறோம் என்றார் ஒருவர். "போன ஐப்பசியில, பிரசவ வலியில துடிச்ச மருமவளைக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போனோம். புள்ள தங்கல" என்றார் பவுனம்மா. எனக்கு ஷூக் கொப்புளத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

அதிகாரி மாமாவைத் தள்ளிக் கூட்டிப்போனார். நானும் பக்கத்தில் இருந்தேன். "மைதானம், பஸ்ஸு ரெண்டையும் சேர்த்து எழுதினா மேலிடத்துல ரெண்டும் நிக்காது. உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். எதை எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

மாமா கூட்டத்தைப் பார்த்தார். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். "பஸ்ஸை எழுதுங்க சார்" என்றார். மெயின் ரோட்டு பஸ்ஸில் வீடு திரும்பினோம். என் நாக்கினால்தான் மைதானம் போனது என்று அன்று இரவெல்லாம் குமைந்தேன்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். ஆறு மணிக்கு முன் கிளம்புங்கள். மாசியில் முந்திரி பூத்திருக்கும், வெயிலும் தாங்கும். தண்ணீர் இரண்டு பாட்டில். பழகிய செருப்பு போதும். கோயில் புல்வெளியில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள், ஓடாதீர்கள். நடக்க முடியாதவர்களுக்கு அந்தப் பாதையில் டவுன் பஸ் உண்டு, நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த பஸ் மூன்று மாதத்தில் வந்தது. மைதானத்தில் கிடங்கும் எழும்பியது. பஸ் ஓடிய முதல் நாள் ஊர்க்காரர்கள் மாமாவுக்கு மாலை போட்டு முன் சீட்டைக் கொடுத்தார்கள். ஏறினார், உட்கார மறுத்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்க ஆரம்பித்தார். ரத்த ஓட்டமாம். கொஞ்ச நேரத்தில் பின்னால் நின்ற ஆறு பேரும் ஏற்றி இறக்கினார்கள். மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஜன்னலோரம் காலை நீட்டியிருந்த பவுனம்மாவைப் பார்த்து, "நீயும் எந்திரிச்சு நாலு தரம் செய்யேன்" என்றார்.

"நாப்பது வருசமா செஞ்சுட்டேங்க வாத்தியாரே" என்றார் பவுனம்மா. "இன்னிக்குத்தான் உக்காந்திருக்கேன்."