ஆயுத பூஜையில் என் வயலின்காரி

ஆந்திர எல்லையோரம் நகரியில் எங்கள் தெருவில் ஆயுத பூஜை அன்று மட்டும்தான் தறி நிற்கும். மற்ற நாட்களில் இரவு பகல் பார்க்காமல் பவர்லூம் ஓடும். ஷெட்டுக்குள் நாங்கள் பேசிக்கொள்வதே பெரும்பாலும் உதட்டைப் பார்த்துத்தான். பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்த பிறகு எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிற ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு பாட்டுச் சொல்லலாம். வாசலில் கட்டிய மைக் செட்டில் அதைப் போட்டே ஆகவேண்டும், பாதியில் யாரும் நிறுத்தக்கூடாது.

இந்தச் சட்டம் ஊருக்கெல்லாம் உண்டு, எனக்கு மட்டும் இல்லை. மூன்று வருஷமாக என் பாட்டை ஒரு நிமிஷம் முழுதாக ஓடவிட்டதில்லை. யார் பாட்டு எப்போது என்று செட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது ஓனரம்மா. தறி ஓடும்போது ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்காத மகராசி. "இது இன்னா பாட்டா? எண்ணெ இல்லாத ஃபேன் மாதிரி கீது" என்று அணைத்துவிட்டுச் சாமி பாட்டைப் போட்டுவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேனே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

பாட்டு என்று சொன்னாலும் அதில் பாட்டு கிடையாது, வயலின்தான். வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நடந்த நாள், திருப்பதி ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து போனில் ஏதோ கோயில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் தானாகவே இது வந்தது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு வெளிநாட்டுக்காரி. கரண்டில் வாசிக்கிற நீல வயலின், ஐந்து தந்தி. பின்னால் டிரம்ஸ்காரர் ஏழு ஏழாக எண்ணி அடிக்கிறார், இவள் அதற்குள் அடங்காமல் நழுவி நழுவிப் போகிறாள். காலடியில் ஒரு பெட்டி. அதை மிதித்தால் வாசித்தது திரும்பத் திரும்ப ஓடும், அதன் மேலேயே இன்னொன்றை வாசிப்பாள். ஜாஸ் ஃபியூஷன் என்றும் ஸ்பேஸ் மியூசிக் என்றும் கீழே போட்டிருந்தது. வானத்துக்கு அப்பால் என்ன சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் நீளமாக இழுத்தபோது, காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் எழுந்து போய்விட்டது. அன்றிலிருந்து அவள் வாசித்தது எது கிடைத்தாலும் விடுவதில்லை.

அவளைக் கேட்கிறவர்கள் எங்கள் தெரு ஜனத்தைவிடக் குறைவு. இருக்கட்டுமே. கூட்டம் சேர்வதுதான் உசத்தி என்றால் ரேஷன் கடை வரிசைக்குத்தான் மாலை போடவேண்டும். தறி ஓட்டுகிறவளுக்கு எதற்கு இதெல்லாம் என்கிறார்கள். நான்கு தறியை ஒருத்தியாகப் பார்க்கிறவள் நான். எதில் ஊடுநூலை ஓட்டுகிற நாடா தடுமாறுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். ஏழு எண்ணிக்கை எனக்குப் புரியாது என்று முடிவு செய்ய இவர்கள் யார்?

இந்த வருஷம் சுண்டல்கூட வாங்காமல் நேராகப் போய் ஆம்ப்ளிஃபையர் முன்னால் நின்றேன்.

"ம்மா, என் முறை. பதினோரு நிமிஷம். முழுசா ஓடணும். இல்லன்னா நாளையிலேர்ந்து வேற ஆள பாத்துக்குங்க."

"ஒரு பாட்டுக்காடி வேலைய வுடுவ?"

"ஆமா."

ஓனரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒயரைக் கொடுத்தார். என் போனில் சொருகினேன். மூன்று நிமிஷம் வெறும் இழுப்பு. பிறகு வில்லின் கட்டையால் தந்தியை அடிக்கத் தொடங்கினாள். பெட்டியை மிதித்துவிட்டாள் போலிருக்கிறது, டடக் டக், டடக் டக் என்று அது நிற்காமல் தெருமுழுக்க ஓடியது.

எதிர் ஷெட்காரர் நெற்றி நிறைய விபூதியோடு பாய்ந்து வந்தார். "எவடுரா ஈரோஜு மக்கம் நடிபேதி?" பூஜை நாளில் தறி ஓட்டுகிற பாவி யார் என்று அவர் தெலுங்கில் கத்த, தெருவே அதையே கேட்டது. எங்கள் ஓனரே உள்ளே ஓடி ஒவ்வொரு மோட்டாராகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சில்லென்று இருந்தது. உள்ளங்கை நிறையக் குங்குமத்தோடு வெளியே வந்தவர் சிரித்துவிட்டார்.

"அப்படியே தறி மாதிரி கீதே! நல்லா கீதுமே. போதும், நிறுத்து."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தறி மாதிரி இருந்தா நான் எதுக்குக் கேக்கறேன்? அததான் தெனமும் கேக்கறேனே! இன்னும் பாதிக்கு மேல கீது. நில்லுங்க எல்லாரும்."

நின்றார்கள். பொரி மென்றுகொண்டாவது நின்றார்கள். அடிச்சத்தம் அடங்கியது. வயலின் தனியாகக் கிளம்பி மேலே மேலே போய் முடிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று குனிந்து போனை எடுக்கப் போனேன். எப்போதும் அந்த இடத்தில்தான் அடுத்ததற்குத் தள்ளுவேன். ஓனரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு. இன்னும் முடியல."

ஸ்பீக்கரில் எதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓனர் என்னைப்போலவே விழித்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவரும் சின்ன வயதிலிருந்து ஷெட்டில் கிடந்தவர்.

"நூல் மாதிரி, ஒல்லியா போய்க்கினே கீது" என்றார் ஓனரம்மா. அவர் கண்ணில் நீர்.

எத்தனை வருஷத் தறி என் காதிலிருந்து இதைத் தின்றிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வேலையைப் பணயம் வைத்துக் கேட்கவைத்த பாட்டின் முடிவை நான் ஒருநாளும் கேட்டதே இல்லை. அதற்காக விட்டுவிடுவேனா? செட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எனக்குக் கேக்கல. நீங்க சொல்லுங்க. மேல போவுதா, கீழ வருதா? ஒண்ணு விடாம சொல்லுங்க."