பூஜ்யத்தால் வகுத்த கம்பளிகள்

திருமண விருந்து ஒன்றில், கணிப்பொறிக்கு மொழி உருவாக்கும் தொழிலில் இருக்கும் உறவினர் ஒருவர் என்னிடம் கேட்டார்: ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் எந்திரம் அங்கேயே நின்றுவிட வேண்டுமா, அல்லது விடை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மேலே போகலாமா? அவருடைய அலுவலகத்தில் இதில் இரண்டு கட்சிகளாம். நின்றுவிட வேண்டும் என்றேன். மேலே போவது வசதிதானே என்று சிரித்தார். அந்த வசதியை நான் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆவடியில் ராணுவச் சரக்குக் கிடங்கு ஒன்றின் கணக்கீட்டு அறைக்கு நான் பொறுப்பாளன். அந்த அறையில் கணிதத்தில் பி.ஏ. பட்டம் பெற்றவன் நான் ஒருவனே. தகரக் கூரையின் கீழ் ஐந்து மேசைகள். மேசைக்கு ஒன்றாக, கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கணக்கு மிஷின். ஒவ்வொரு பொருளின் இருப்பையும் அன்றாடச் செலவால் வகுத்து, அது இன்னும் எத்தனை நாள் வரும் என்று படிவத்தில் எழுதி வாரந்தோறும் மேலிடத்துக்கு அனுப்புவோம். படிவத்தில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது விதி. அதை வகுத்தவன் நான். கிடங்கின் தலைமை அதிகாரியான வெள்ளைக்காரத் துரை அதைப் பாராட்டி ஒப்பமிட்டிருந்தார்.

ஒரு சித்திரையில், தற்காலிகக் குமாஸ்தா ஒருவர் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுப் படிவத்தைக் கொண்டுவந்தார். நெமிலிச்சேரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்போடு நின்றவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நிலத்தில் பெரும்பகுதி ராணுவ முகாமுக்குப் போய்விட்டதால், வீட்டில் ஆறு பேர் இந்த வேலையையே நம்பியிருந்தார்கள். அவரை நிரந்தரமாக்கலாமா என்று இரண்டு மாதத்தில் நான் பரிந்துரை எழுத வேண்டும்.

பொருள் கம்பளி. அந்த வெயிலில் கம்பளி கேட்டு ஒருவரும் வரவில்லை. இருப்பு நானூறு, செலவு பூஜ்யம்.

“இன்னா சார் எழுதறது? யாரும் எடுக்காத கம்பளி எத்தினி நாளைக்கு வரும்? இதுக்கு வெடையே இல்ல சார். அதான் உட்டுட்டேன்.”

அவர் சொன்னது சரி. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் என் விதி தவறென்று ஆகும். அதுவும் மற்ற நான்கு குமாஸ்தாக்களின் எதிரில்.

“மிஷினில் போட்டுப் பார்த்தீரா?”

“போட வேணாம் சார். தெரிஞ்சதுதானே.”

“போடும். மணி அடிக்கும் வரை சுற்றும்.”

அந்த மிஷினில் வகுப்பது என்றால் திரும்பத் திரும்பக் கழிப்பது. இனிக் கழிக்க ஒன்றுமில்லை என்னும்போது உள்ளே ஒரு மணி அடிக்கும். நானூறிலிருந்து பூஜ்யத்தை எத்தனை முறை கழித்தாலும் நானூறு அப்படியே இருக்கும், மணி அடிக்காது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சுற்றத் தொடங்கினார்.

மற்றவர்கள் முதலில் சும்மா இருந்தார்கள். நான் புன்னகைத்ததைப் பார்த்த பிறகே அவர்களுக்குத் துணிவு வந்தது.

“அண்ணாத்தே, கெணத்துல தண்ணி கீதா பாரு! சும்மா எறைச்சிகினே கீறியே!”

“நீ சுத்து மாமே. பட்டாபிராம் ஸ்டேஷன் வந்தா சொல்றோம், எறங்கிக்க!”

கால் மணி நேரம் சுற்றினார். உள்ளங்கைத் தோல் உரிந்து, கைப்பிடியில் ரத்தம் பிசுபிசுத்தது.

“அடிக்காது சார்,” என்றார் தாழ்ந்த குரலில். “உங்களுக்கே தெரியும்.”

“அப்படியானால் பூஜ்யம் என்று எழுதிக் கையொப்பமிடும்.”

“பூஜ்யம்னு போட்டா, இன்னிக்கே தீந்துபோச்சுன்னு அர்த்தம் ஆயிடும் சார்.”

“எழுதும்.”

எழுதினார்.

மூன்றாம் வாரம், அக்கினி நட்சத்திரத்தின் உச்சத்தில், ரயிலில் கம்பளி வந்து இறங்கியது. கிடங்கில் இடம் போதாமல், மிஞ்சிய மூட்டைகளை வெட்டவெளியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். துரை படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். இந்தப் பூஜ்யத்தை எழுதியது யார் என்று கேட்டார். குமாஸ்தா எழுந்து, எழுதச் சொன்னது இவர்தான் என்று என்னைக் காட்டி, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். துரை என் பக்கம் திரும்பினார்.

“கையொப்பம் அவருடையது,” என்றேன்.

அதில் பொய் ஒன்றுமில்லை. துரைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நான்கு குமாஸ்தாக்களும் தலையைத் தூக்கவில்லை. அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஆடி மாதத்தில் அவர் என் வீட்டுக்கு வந்தார். பூந்தமல்லியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள் என்றார்.

“பெரிசா ஒண்ணும் வேணாம் சார். இந்த ஆளுக்குக் கணக்கு வரும்னு ஒத்த வரி எழுதிக் குடுங்க, போதும்.”

காலந்தவறாதவர், பணிவுள்ளவர் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

“கணக்கு வரும்னு இல்லியே சார்?”

“என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்.”

“மில்லுக்காரன் பணிவ வெச்சிகினு இன்னா சார் பண்ணுவான்?”

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் தெருமுனையைத் தாண்டுமுன் கூப்பிட்டு, கேட்ட வரியைச் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவருக்குக் கணக்கு வரும் என்று என் கையெழுத்தில் ஒரு தாள் ஊரில் உலவினால், கம்பளிக்குப் பூஜ்யம் போட்டது யார் புத்தி என்று எவராவது ஒருநாள் கேட்கக்கூடும். அதனால் கூப்பிடவில்லை.