கஃபூவேக்கு யார் போவது

என் கணவர் ஓய்வுபெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு ஒரு காலையில், நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றவர், "ஆப்பிரிக்காவுக்குப் போலாமா?" என்றார். கோத்தகிரிக்குப் போகலாமா என்று கேட்கிற அதே குரல். டிவியில் ஏதோ பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். டிவி அணைந்துதான் கிடந்தது.

"எதுக்குங்க?" என்றேன்.

"மிருகம் பாக்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஊட்டி காந்தலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற முட்டைக்கோஸ் பாத்தியில் ஒரு காட்டெருமை வந்து நின்றதால், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாமல் நின்றார்கள். மிருகம் பார்க்கக் கடல் தாண்டிப் போக வேண்டுமா என்று கேட்டேன். அவர் கூடத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிடும்போது, விட்ட இடத்திலிருந்தே தொடர்வதுபோல், "சனம் போகாத எடமாப் பாக்கோணும். எல்லாரும் போற எடம் வேண்டாம்" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குந்தாவிலும் அவலாஞ்சியிலும் மின்வாரியத்தில் வேலை. அணைக்கட்டுக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸ். நான் ஊட்டியில் பள்ளி ஆசிரியை. மகளின் படிப்பும் இங்கேதான். அதனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் சனிக்கிழமை வருவார், திங்கள் விடிகாலையில் கிளம்பிவிடுவார். ஷிப்ட் மாறினால் அதுவும் இல்லை. சண்டை போடக்கூட எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. அவர் நிரந்தரமாக வீட்டுக்கு வந்தபோது அவருக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை என்பது தெரியும். அதற்கு மேல் எனக்கு அதிகம் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"குந்தாவுலயும் அவலாஞ்சியிலயும் இத்தன வருஷம் சனமே இல்லாமத்தானே இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"அங்க நான் வேலைக்கு இருந்தேன்" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்றும் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த தம்பி மிகவும் மரியாதையானவர். மேசை மேல் சிங்கப் படம் போட்ட காகிதங்களைப் பரப்பினார். கென்யா, பெரிய சிங்கக் கூட்டம், ஆற்றைக் கடக்கும் மான்கள், நல்ல ஓட்டல், நம்ம ஊர்ச் சாப்பாடு, கூடவே ஒரு குழு. என் கணவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஒரு சிங்கத்தைச் சுத்தி எத்தன வண்டி நிக்கும்?" என்று கேட்டார்.

அந்தத் தம்பிக்குக் கேள்வி புரியவில்லை. "நெறைய வண்டி வருமுங்க சார். அதனால பயமே இல்லீங்க."

"வண்டியே வராத எடம் இருக்குதா?"

"ஏனுங்க சார், வண்டி வராத எடத்துக்கு நீங்க எப்படிப் போவீங்க?"

அந்தத் தம்பி கேட்டதில் நியாயம் இருந்தது. என் கணவர் கேட்டதிலும் ஏதோ இருந்தது. நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்தத் தம்பி என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்களாவது சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். நான் டீ நல்லாயிருக்கு என்றேன்.

அதன் பிறகு தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. அவருக்கு போனில் எழுத்து சரியாகத் தெரியாது. விரல் மூட்டு வீங்கி தட்டவும் வராது. நான் சமூக அறிவியல் நடத்தியவள். ஆப்பிரிக்காவைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நைல், சகாரா, தங்கச் சுரங்கம் எல்லாம் தெரியும். ஆனால் உட்கார்ந்து தேடத் தொடங்கியதும் எனக்குத் தெரிந்த ஆப்பிரிக்கா ஒன்றுக்கும் உதவவில்லை. தான்சானியாவில் கட்டாவி என்று ஒரு காடு. சாட் நாட்டில் ஒன்று. ஜாம்பியாவில் லுவாங்வா என்று இரண்டு, வடக்கு ஒன்று தெற்கு ஒன்று. தெற்கில் ஆள் வருவார்கள், வடக்கில் அவ்வளவாக வரமாட்டார்கள். அப்புறம் அதே நாட்டில் கஃபூவே. ஒரு சின்ன நாடு அளவுக்குப் பெரிய காடாம், ஆனால் போகிறவர்கள் குறைவாம். ஒரு காடு மழைக்காலத்தில் மூடிவிடும், இன்னொன்றில் கோடையில் தண்ணீர் வற்றிவிடும். ஒரு இடத்தில் படித்ததை இன்னொரு இடம் மறுத்தது. கட்டாவியின் நீர்யானைகளை கஃபூவேயில் கொண்டுபோய் வைத்து அவரிடம் விவரித்திருக்கிறேன். அவரும் நம்பித் தலையாட்டியிருக்கிறார்.

கடைசியில் கஃபூவே என்று முடிவானதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அங்கே பயணிகள் தங்கும் ஒரு முகாமிலிருந்து ஒரு அம்மாள் என் மின்னஞ்சலுக்கு உடனே பதில் எழுதினார். வடக்கே வெள்ளம் வடிகிற புல்வெளி ஒன்று இருக்கிறது, வருடத்தில் சில மாதங்கள்தான் போக முடியும், சில நாள் எங்கள் வண்டியைத் தவிர வேறு வண்டியைப் பார்க்கமாட்டீர்கள் என்று எழுதியிருந்தார். துப்பாக்கி வைத்த காவலரோடு நடந்தும் போகலாமாம். இதை நான் உரக்க மொழிபெயர்த்தபோது என் கணவர் எழுந்து ஜன்னல்பக்கம் போய் நின்றார்.

"இதுதான்" என்றார்.

அதற்கப்புறம் குழப்பங்கள் வேறு மாதிரி வந்தன. ஜூலையில் அங்கே விடிகாலை நன்றாகக் குளிரும் என்று எழுதியிருந்தார்கள். மகளிடம் சொன்னபோது, "அம்மா, அது ஆப்பிரிக்கா. நீங்க ஊட்டியையே பாத்துப் பாத்து எல்லா ஊரும் குளிரும்னு நெனைக்கறீங்க" என்றாள். சரி, ஸ்வெட்டர் எடுக்கலாம் என்றால், நீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள், அங்கே கடிக்கிற ஒருவகை ஈ அந்த நிறத்தைத் தேடி வரும் என்று அடுத்த வரி. எங்கள் வீட்டில் நீலமும் கறுப்பும் தவிர வேறு ஸ்வெட்டரே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு நான் போட்டது நீலம், வாரியத்துக்கு அவர் போட்டது கறுப்பு. மார்க்கெட்டில் போய் மண் நிறத்தில் இரண்டு வாங்கினோம். கடைக்காரர் கல்யாணத்துக்கா என்று கேட்டார். முகாமுக்குப் போகிற குட்டி விமானத்தில் பெட்டி ஏற்றமாட்டார்கள், துணிப்பைதான், அதற்கும் எடைக் கணக்கு என்றார்கள். என் கணவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கீழே வைத்துவிட்டு, மறுபடி தூக்கிப் பார்ப்பார். அந்த நாட்களில் அவர் நிறையப் பேசினார். யானை தண்ணீர் எங்கே குடிக்கும், மான் எப்போது படுக்கும் என்றெல்லாம். அவருக்கு இவ்வளவு வார்த்தை தெரியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டுமா என்பதில்தான் எல்லாம் தடுமாறியது. ஒரு பக்கம் தேவையில்லை என்றது. இன்னொரு பக்கம், நடுவில் விமானம் மாறுகிற நாட்டைப் பொறுத்தது என்றது. போட்டுவிட்டால் கவலை இல்லை என்று முடிவுசெய்து, அந்த ஊசி போடுகிற சென்னைக்கு ரயில் ஏறினோம்.

நான் முதலில் உள்ளே போனேன். ஊசி போட்டு, மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். வெளியே வந்து கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் உள்ளே போனார். வர நேரமாயிற்று. பிறகு ஒரு நர்ஸ் வந்து என்னையும் கூப்பிட்டார்.

மருத்துவர் ஓர் இளம் பெண். "ஐயா மூட்டுவாதத்துக்கு எடுத்துக்கற மாத்திரை எதிர்ப்புச் சக்திய கொறைக்கும்மா. வயசும் ஆயிடுச்சு. இந்த ஊசிய நான் இவருக்குப் போட மாட்டேன்" என்றார்.

"ஊசி கேக்காத வழியாப் போனா?" என்று நான் கேட்டேன்.

"போகலாம். ஆனா மலேரியா இருக்கற, ஆஸ்பத்திரி பக்கத்துல இல்லாத எடத்துக்கு இந்த மாத்திரையோட ஏன் போகணும்? உங்க மூட்டு டாக்டரையும் ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

கோயம்புத்தூரில் அவர் பார்க்கிற டாக்டரும் அதையேதான் சொன்னார். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாமா என்று என் கணவர் கேட்டார். நிறுத்தினால் நடக்கவே முடியாது என்றார் டாக்டர். நடப்பதற்காகத்தானே போவது. அதோடு பேச்சு முடிந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் மலை ஏறும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "நீ போயிட்டு வா" என்றார்.

"நான் எதுக்குங்க போறேன்? ஆசப்பட்டது நீங்க."

"ஊசி போட்டது நீ."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, முகாமுக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். மகளும் அதைத்தான் சொன்னாள்: அப்பா இல்லாமல் நீங்கள் மட்டும் போய் என்ன செய்வீர்கள், யாராவது கேட்டால் என்ன சொல்வது. அவர் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு வேணுமா வேண்டாமான்னு நான் இதுவரைக்கும் கேக்கவே இல்ல. இப்பக் கேக்கறேன். போறயா?"

வேண்டாம் என்பது நாக்கு நுனியில் இருந்தது. சொல்ல வாய் திறந்தால் வரவில்லை. இவ்வளவு மாதம் அவருக்காகப் படித்தேன், அவருக்காக எழுதினேன். நடுவில் எங்கோ அந்தப் புல்வெளி எனக்கும் ஒட்டிக்கொண்டதா? அல்லது அவர் பேசிய பேச்சுத்தான் எனக்குப் பிடித்திருந்ததா? அவர் என்னை அனுப்புவது பெருந்தன்மையா, கொஞ்ச நாள் தனியாக இருக்கும் ஆசையா? அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. சில நாள் கழித்து, உழவர் சந்தையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, "போறேனுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பையைத் திறந்து பிடித்தார்.

போனேன். தனியாக, மண் நிற ஸ்வெட்டரோடு. அந்தப் புல்வெளியில் விடிகாலையில் பனி மூட்டம் இறங்கி நின்றபோது, இவ்வளவு தூரம் வந்து ஊட்டியையா பார்க்கிறேன் என்று ஒரு கணம் திகைத்தேன். பனி விலகியது. கால் நனையும் தண்ணீரில் கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மான்கள் நின்றன. ஒன்றும் செய்யவில்லை. மேய்ந்தன, தலை நிமிர்ந்தன, மேய்ந்தன. வேறு வண்டி இல்லை. நான் அவரிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்ததில் பாதி நேரம் பார்க்காமலே போயிற்று. முகாமில் தங்கியிருந்த மற்றவர்களோடு நடந்து போன அன்று ஆற்றங்கரையில் ஒரு யானை எங்களுக்கு முன்னால் இறங்கியது. காவலர் கையைக் காட்டினார், எல்லோரும் நின்றோம். அது எங்களைப் பார்த்ததா என்று இன்றுவரை சொல்ல முடியாது.

அங்கே சிக்னல் இல்லை. தலைநகர் லுசாகா வந்துதான் பேச முடிந்தது. சிங்கம் பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை. "குளிருச்சா?" என்றார். குளிர்ந்தது என்றேன். "அதச் சொல்லோணும், உன்ற மககிட்ட" என்றார்.

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் கார் பிடித்து வந்திருந்தார். கல்லாறு தாண்டி ஒரு கடையில் நிறுத்தி டீ குடித்தோம். அங்கேதான் யானையைப் பற்றிச் சொன்னேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் கேட்டார்.

"பயந்தியா?"

"தெரியலீங்க."

"பக்கத்துலயா?"

"பக்கந்தான். தூரம்னும் சொல்லலாம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது யானை எதிர்க்கரையிலிருந்து இறங்கி வந்தது. முதலில் சொன்னது சரியா, இப்போது சொன்னது சரியா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் திருத்தவில்லை. "ம்" என்றார், மேலே சொல் என்பதுபோல.