பதினேழடிக் கம்பியும் பதில் வராத மூன்று மாலைகளும்

ஆன்டெனா கட்டிப் பிழைக்கிறவன் ஆகாயத்தில் நடக்கும் அத்தனை கோளாறுக்கும் ஜவாப்தாரி. ஏ.சி. ரிப்பேர், லிஃப்ட் ரிப்பேர் என்று வளைகுடாவில் காலம் தள்ளிய என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெயில் அடித்தாலே நம்மைத்தானே கூப்பிடுவார்கள்.

நான் அஜ்மானில், மீன்பிடி லாஞ்சுகளுக்கு வயர்லெஸ் மாட்டிக் கொடுக்கும் கடையில் இருந்தேன். லைசென்ஸ் எடுத்துச் சொந்த ரேடியோவில் உலகத்தோடு பேசும் ஹாம்காரர்கள் சிலரும் எங்களுக்கு வாடிக்கை. அவர்களில் ஒருவர் சேதுராமன் சார். திருச்சிக்காரர், ராஸ் அல் கைமா செராமிக்ஸ் ஃபேக்டரி ஒன்றில் இன்ஜினியர். ஒரே மகன் கார்த்திக் சரக்குக் கப்பலில் ஆபீசர், அவனும் ஹாம். டியூட்டி முடிந்து மாலை ஐந்து மணிக்கு அப்பாவும் பிள்ளையும் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். மொட்டை மாடியில் எதையும் நட்டு நிறுத்தக் கூடாது என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டதால், சார் குடைக்காம்பு மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும் பதினேழடி ஆன்டெனாக் கம்பியைத் தினமும் கடற்கரைக்குக் கொண்டுபோய், முக்காலியில் நிறுத்தி, இழுத்து நீட்டி, பேசி முடித்ததும் மடக்கிக் கொண்டுவருவார்.

சோமாலியாப் பக்கம் கொள்ளைக்காரர்கள் கப்பல் கப்பலாகப் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. கார்த்திக்கின் கப்பல் அந்த வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. அதனால் அந்த வாரம் முழுக்க என்னைக் கடையிலிருந்து இரவல் வாங்கியிருந்தார் சார்.

மீன் எங்கே இருக்கிறது

அந்த வாரத்தின் முதல் நாள், கம்பியின் கடைசிக் கணுவை நீட்டிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் கார் வந்து நின்றது. நட்டுக்குத்தலாக ஒரு நீளக் கம்பி, மணலில் நாலாபக்கமும் வயர், பக்கத்தில் பேட்டரி, சுற்றிலும் மூன்று இந்தியர்கள்: சார், அவர் மனைவி விசாலம் அக்கா, நான். பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? அந்த மனிதர் ஒரு வார்த்தை எழுதினால் என் விசா கலாஸ், மறுநாள் நான் திருவனந்தபுரம் ஃப்ளைட்டில்.

போலீஸ்காரர் எங்கள் அடையாள அட்டையான பத்தாக்காவை வாங்கி முகத்தோடு ஒத்துப் பார்த்தார். சாரின் லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் கார்த்திக்கின் குரல், "அப்பா, நல்லாக் கேக்குது. நாளைக்குக் காலைல அந்த ஏரியாவுக்குள்ள நுழையறோம்" என்றது. யார் என்று கேட்டார் போலீஸ்காரர். மகன், கப்பலில் இருக்கிறான் என்றார் சார். போலீஸ்காரர் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கம்பியை அண்ணாந்து பார்த்து, அவருக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னார்: "தூண்டில்னு நினைச்சேன் பாய். மீன் கீழே இருக்கு, இவங்க மேலே தேடறாங்களேன்னு பார்க்க வந்தேன்."

முழுசா இழுத்தால்

மறுநாள் பதில் இல்லை. சார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், இரைச்சல்தான் வந்தது.

இந்தக் கம்பியை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. பேசுகிற அலைவரிசைக்கு ஏற்ற அளவோடு நிறுத்த வேண்டும். கூடிப்போனால் அனுப்பும் சக்தி ரேடியோவுக்கே திரும்பி வரும், மீட்டர் முள் ஏறும். அந்த அளவில் அக்காவின் நகப்பாலிஷை வாங்கி ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். நான் மணலில் வயரைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால், சார் கோட்டைத் தாண்டிக் கடைசிவரை இழுத்துவிட்டிருந்தார். நான் உள்ளே தள்ளினேன். அவர் மறுபடி இழுத்தார்.

"சார், கூடிப்போச்சு. ரேடியோ கெட்டுப்போவும்" என்றேன்.

இந்தப் பாடமெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்த மனிதர், மைக்கைப் பிடித்த கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்குத் தெரியாதாய்யா? இன்னிக்கு ஒரு நாள் கொஞ்சம் கூட இழுத்தா, கூடக் கொஞ்ச தூரம் போகாதா?"

கடையிலிருந்து போன்

அதற்கடுத்த நாள் காற்று. கணுவுக்குக் கணு மணல் ஏறியிருந்தது, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். உப்புத்தண்ணீர் பக்கத்தில் இருந்தால் சிக்னல் இன்னும் தூரம் போகும் என்பதால் முக்காலியை ஈரமணலுக்கு நகர்த்தினோம். சார் கூப்பிட்டதும் இத்தாலியிலிருந்து யாரோ ஒருவர் பதில் சொன்னார். உங்கள் சிக்னல் பிரமாதம் என்றார்.

இத்தாலிக்குக் கேட்கிறது என்றால் கோளாறு எங்கள் பக்கம் இல்லை. பிறகு எங்கே? "நட்டை ஒழுங்கா முடுக்கினியா? சோத்தாங்கையால செஞ்ச வேலை மாதிரி இல்லையே" என்று என்மேல் பாய்ந்தார் சார். நான் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டேன். தப்பு என்மேல் இருக்கும்வரை பையனுக்கு ஒன்றுமில்லை. அப்போது பார்த்துக் கடை முதலாளி, காயல்பட்டினத்து காசிம் பாய் போன் பண்ணினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெகுளியாகக் கேட்டார்: "ஆன்டெனா சரியாத்தான் இருக்குங்கீரு, பொறவு அங்க நின்னு என்னவே பண்ணுதீரு?"

லைசென்ஸ் இல்லாத குரல்

பதில் வராத மூன்றாவது மாலை சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கப்பல் கம்பெனி ஆபீசில் எத்தனை தடவை கேட்டாலும், தகவல் வந்தால் சொல்கிறோம் என்பதோடு சரி. அன்றும் வெறும் இரைச்சல். நான் கம்பியை இறக்கி ஏற்றினேன், இறக்கி ஏற்றினேன். செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது?

காரில் உட்கார்ந்திருந்த விசாலம் அக்கா இறங்கி வந்து கையை நீட்டினார். சார் இந்த விஷயத்தில் மகா கறார். லைசென்ஸ் இல்லாதவர் மைக்கைத் தொடக்கூடாது, பெண்டாட்டியானாலும் கூடாது. என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பிறகு கொடுத்துவிட்டார். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று நான்தான் காட்டினேன். அக்கா அழவில்லை, பக்கத்து அறையில் இருக்கிறவனிடம் பேசுகிற மாதிரியே பேசினார்: "கார்த்தி, அம்மாடா. நீ ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம். கேட்டா மட்டும் போதும்."

நாலாவது மாலை

கம்பியைக் கோட்டுக்குச் சரியாக நிறுத்தினேன். சார் மைக்கைத் தொடக்கூட இல்லை. அதற்குள் ரேடியோ தானாகவே, "அப்பா" என்றது.

சார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதிலென்ன வெட்கம்? கப்பல் அந்த ஏரியாவைத் தாண்டிவிட்டது, எல்லாரும் பத்திரம் என்றான் கார்த்திக். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: "மூணு நாளும் கேட்டுட்டுத்தாம்பா இருந்தேன். யாரும் ரேடியோவில வாயைத் திறக்கக் கூடாதுன்னு கேப்டன் ஆர்டர். அம்மா பேசினதும் கேட்டுது. நீங்க மைக்கை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே அந்த அண்ணனைத் திட்டினதும் கேட்டுது."

இவ்வளவு பட்ட பிறகும், பதில் வரவில்லை என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் ஸ்பேனரைத்தான் எடுக்கிறேன்.