ஒருவர் மறுத்தால் போதும்

எழுபதுகளின் கடைசியில் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினேழாம் மாடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மூவர் யாழ்ப்பாணம், வரலாறு படிக்க வந்த நான் மட்டும் மதுரை. இடைக்கால ஐரோப்பாவின் யூதர்களைப் பற்றி ஒரு வயதான ஆய்வாளர் அம்மையார் கையால் எழுதியிருந்ததை ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பனி விழத் தொடங்கினால் எனக்கு ஊரே மாறிவிடும். கீழே போகிறவர்கள் ரைன் நதிக்கரைச் சந்துகளுக்குள் நுழைந்து மறைவார்கள். அடுப்பு மூட்டக்கூடாத மறுநாள் ஓய்வுநாளின் சாப்பாட்டுக்காக வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வீடு பானையைக் கொண்டுவந்து பொது அடுப்பில் மூடி வைப்பார்கள். அதன் வாசம் எங்கள் சமையலறையிலிருந்து வரும் பருப்பு வாசம்தான். தட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஊர்கள் சிலவற்றில் ஒரு கட்டுப்பாடு. வெளியூர் யூதர் குடிவர வேண்டுமானால், இருப்பவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் இடமில்லை. இதைச் சொன்னதும் எங்களில் மூத்தவரான அண்ணை சிரித்தார்.

"உது நல்ல சட்டம். இனி எங்கட அப்பார்ட்மென்டுக்கும் உதுதான்."

அந்தக் குளிர்காலத்திலேயே ஒருவர் பெட்டியோடு வந்து நின்றார். கொழும்பில் கணக்கு வாத்தியார், கலவரத்தில் வீட்டை எரித்துவிட்டார்கள். அவரைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் கூடிப் பேசினோம். மூவரும் ஓம் என்றார்கள். மெத்தை போட இருந்த ஒரே இடம் என் மேசை கிடந்த ஜன்னலோரம்.

"முடியாதுங்க. சட்டம்னா சட்டம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணை யார் யாருக்கோ போன் செய்து, ஒரு மணி நேரப் பயணத் தூரத்திலிருந்த ஒஷாவாவில் ஓர் இடம் பிடித்தார். பிறகு வெளியே போய், "இஞ்ச இடம் காணாது, குறை நினையாதேங்கோ" என்றார். ஜன்னல் வழியே பார்த்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் போனவர் என் நதிக்கரை ஊரின் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. எனக்கோ மற்ற மூவர் மேல்தான் கோபம். ஒத்துக்கொண்ட சட்டத்தைத்தானே சொன்னேன், அதற்கு ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

பத்து நாள் கழித்து அடுத்த அத்தியாயம் வந்தது. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்களிடம் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று யூதப் பெரியவர்களே தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு நாட்டாமை செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மேசையைச் சுவரோரம் தள்ளினேன். அவரைக் கூட்டிவர வேண்டும், மறுத்தது நான்தான் என்றும் சொல்லிவிட வேண்டும் என்று சனிக்கிழமை ஒஷாவாவுக்கு பஸ் ஏறினேன்.

நிலவறை வீடு. என்னைக் கண்டதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தேநீர் போட்டுத் தந்தார்.

"இப்ப இடம் இருக்கு சார். வாங்க, போயிடலாம்."

"வேலையும் இஞ்சயே கிடைச்சிட்டுது தம்பி. இனி அலையேலாது." தன் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நாலு பேரும் வேண்டாம் எண்டிட்டீங்கள் எண்டுதான் முதல் நினைச்சன். நித்திரையே இல்லை. பிறகு உங்கட அண்ணை போனில சொன்னார், ஒராள்தானாம். ஆரெண்டு அவர் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. மூண்டு பேர் ஓம் எண்டவை எண்டதே எனக்குப் பெரிய ஆறுதல்."

நான் வாயைத் திறந்தேன்.

"நீங்களும் ஓம் எண்டனீங்கள், என்ன? இல்லாட்டி இந்தக் குளிருக்குள்ள ஆர் இவ்வளவு தூரம் வருவினம்?"

"ஆமா சார்" என்றேன்.